கையை மட்டும் தூக்கிக் காட்டுங்க

செருப்ப வாசல்லயே உட்டுட்டு வாங்க சார். அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம். அது சமையக்கட்டு, அங்க இப்ப ஒண்ணுமில்ல. டீ வேணும்னா முக்குக் கடையில சொல்லிக் கொண்டாரச் சொல்றேன். வேண்டாமா? சரிங்க.

போன்ல பேசுனது நீங்கதான? டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறதா சொன்னீங்க. கரூருக்கு பஸ்ஸுலயா வந்தீங்க? ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கறவரு பஸ்ஸேறி வாறீங்க. நல்லதுங்க, நிம்மதியாத் தூங்கிட்டு வரலாம்.

இதுதான் ரேடியோ ரூமு. நான் ரயில்வேயில சிக்னல் பிரிவுல இருந்தவன். ரிட்டயர் ஆயி இந்த ஊட்டக் கட்டறப்ப மொதல்ல இந்த ரூமுக்குத்தான் இடம் ஒதுக்கினேன். பூஜை ரூமு அதுக்கப்பறம். என்ற சம்சாரம் தெய்வானை அதச் சொல்லிச் சொல்லிக் காட்டுவா. சாமிக்கு மிச்சத்துல எடம் குடுத்த மனுசன்னு. சிரிச்சுட்டேதான் சொல்லுவா. அப்ப சிரிப்பா.

நம்ம ஹாம் ரேடியோ குரூப்புல விக்கறேன்னு போட்டது இந்தப் பொட்டிதானுங்க. லீனியர்னு சொல்லுவோம், ஆம்ப்ளிஃபையர்னும் சொல்லுவோம், ரெண்டும் ஒண்ணுதான். நல்லா இருக்குது, ஒரு குறையும் இல்ல. பெருசு ஒண்ணு வாங்கிட்டேன், அதனால குடுக்கறேன். அந்தா, மேசைக்கு அடியில அட்டப் பொட்டிக்குள்ள இருக்குது பாருங்க. இன்னும் பிரிக்கல. பிரிக்கோணும். தெனமும் காலையில எந்திரிக்கறப்ப இன்னைக்குப் பிரிச்சரலாம்னுதான் நெனைக்கறேன். அப்பறம் சாயங்காலம் ஆயிருது.

எப்படி வேலை செய்யுதுன்னா கேக்கறீங்க? பரவால்லீங்களே. யாரும் அதக் கேக்க மாட்டாங்க. எத்தன வாட்டு, ஆஸ்திரேலியா எட்டுமா, அத்தோட சரி. நீங்க ரேடியோ லைசன்ஸ் வந்த வாரத்துலயே இதக் கேக்கறீங்க. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

உங்க வண்டியிலயே சொல்றேன். ஆக்சிலேட்டர அழுத்தறீங்க. உங்க கால் பலத்துலயா வண்டி ஓடுது? பலம் பெட்ரோல்ல இருக்குது. எப்ப, எவ்வளவுன்னு சொல்றதுதான் உங்க கால். இதுவும் அதே கதை. உங்க ரேடியோ செட்டுல இருந்து உங்க பேச்சு சின்னதா வரும். அந்தச் செவுத்துல இருக்கற பிளக்குல இருந்து கரண்டு வரும். பொட்டி என்ன பண்ணுதுன்னா, சின்னது எப்படியெப்படி ஏறி எறங்குதோ, அதே மாதிரியே அந்தக் கரண்ட ஏத்தி எறக்கி, பெருசாக்கி, மேல ஏரியலுக்கு அனுப்பீரும். அவ்வளவுதானுங்க. புதுசா ஒண்ணும் சேத்தறதில்ல. நீங்க பேசுனது என்னவோ அதேதான் பெருசாப் போகும். நீங்க தப்பாப் பேசுனாலும் அதுவும் பெருசாப் போகும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது.

நம்ம காதுக்கா? இல்லீங்க, அங்கதான் புதுசா வாறவங்க ஏமாந்து போறாங்க. இத வாங்கி வெச்சுட்டா தூரத்து ஆளுக பேசறதும் நல்லாக் கேக்கும்னு நெனச்சுக்கறாங்க. அதெல்லாம் கேக்காதுங்க. மைக் பட்டன உட்டீங்கன்னா பொட்டி ஒதுங்கிக்கும். டக்குனு ஒரு சத்தம் வரும், அது ஒதுங்கற சத்தம். நாம பேசறதுக்கு மட்டும்தான் இது. கேக்கறதுக்கு இதுல ஒரு உபகாரமும் இல்ல.

இன்னொண்ணு, மறக்கறதுக்குள்ள சொல்லீறேன். மைக்கப் புடிச்சுப் பேசீட்டு இருக்கறப்ப யாராச்சும் ரூமுக்குள்ள வந்தா பேச்ச உடக்கூடாது. அந்தப் பக்கம் ஏதோ ஒரு தீவுல ஒருத்தன் கண்ண மூடிக் காதக் குடுத்து உக்காந்திருப்பான். நீங்க பாட்டுக்கு நடுவுல உட்டுட்டுத் திரும்பி, என்ன கொழம்புன்னு கேட்டுட்டிருந்தா அவன் என்ன நெனைப்பான்? கையை மட்டும் தூக்கிக் காட்டுங்க. இப்படி, உள்ளங்கை தெரியறாப்புல. இரு, முடிச்சுட்டு வாறேன்னு அர்த்தம். எங்க ரேடியோ ஆளுக ஊட்டுல போயிப் பாருங்க, பேரங்கூட அந்தக் கையப் பாத்தா நின்னுக்குவான். தெய்வானைக்கும் பழக்கந்தான். வருவா, இந்தக் கதவு நெலவுகிட்ட, வாசப்படியில நிப்பா, நான் கையத் தூக்குவேன், போயிருவா.

இந்த ஹெட்போன் மாட்டிட்டா வேற சத்தமும் கேக்காதுங்க. பாருங்க எவ்வளவு தடிசா இருக்குதுன்னு. மழ பேஞ்சது தெரியாம உக்காந்திருந்திருக்கறேன். துணியெல்லாம் நனஞ்சு போச்சுன்னு அதுக்கு ஒரு சண்ட.

இன்னும் புரியலீங்களா? இருங்க, ஒண்ணு காட்டறேன். இந்த இழுப்பறையிலதான் வெச்சேன். இதோ. இது தெய்வானையோட காது மெஷின். இதுவும் ஆம்ப்ளிஃபையர்தானுங்க, தம்பி மொற வேணும் இதுக்கு. இந்த ஓட்டைக்குள்ள மைக் இருக்குது. சத்தம் உள்ள போகுது. பென்சில் பேட்டரியில இருந்து பலம் வருது. பெருசாகி இந்த வயரு வழியாப் போயிக் காதுல கேக்குது. காதுக்குப் பின்னால ஒட்டிக்கற சின்ன மெஷினெல்லாம் இருக்குதுங்க, அவளுக்குப் புடிக்கல. எங்கயாச்சும் உழுந்துருமாம். இந்த டப்பாவ ஜாக்கெட்டுல மாட்டிக்குவா, வயரு கழுத்தச் சுத்திக் காதுக்குப் போகும். தாலியோட சிக்கிக்கும். பிரிச்சு உடுங்கன்னு எங்கிட்டத்தான் வருவா.

இல்லீங்க, இருக்கறா. நல்லா இருக்கறா. பையன் பூபதி ஓசூர்ல இருக்கறான், அவங்கூட இருக்கறா.

அது ஒரு கதைங்க. கதைனு என்ன, ஒடம்புக்கு முடியல, அவ்வளவுதான். நீங்க பொட்டியப் பத்திக் கேக்க வந்தீங்க, நான் ஊட்டு விசயம் பேசறேன். பேச ஆளில்ல பாருங்க. ரேடியோவுல ஒலகமே பேசுது, ஆனா அவங்ககிட்ட இதெல்லாம் பேச முடியாது. சிக்னல் எப்படி, அங்க மழையா வெயிலா, அத்தோட வணக்கஞ் சொல்லிட்டுப் போயிருவாங்க.

போன ஆடியிலதானுங்க இந்தப் பொட்டி வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்குது, ஆடிக் காத்துல ஏரியல் கம்பம் சாஞ்சு, அத நிமித்தி, கம்பிய ஊட்டு மேலயே குறுக்கால இழுத்துக் கட்டினேன். இப்ப நாம உக்காந்திருக்கறமே, இதுக்கு நேர் மேல போகுது, சமையக்கட்டுக்கு மேல போயி அந்த மூலையில முடியுது. மொத நாளே பிரேசில்காரன் பதில் சொன்னானுங்க. அஞ்சு ஒம்போதுன்னான். அதாவது தெளிவாவும் இருக்குது, பலமாவும் இருக்குது, இதுக்கு மேல மார்க்கு இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. தெய்வானையக் கூப்புட்டுச் சொன்னேன். சந்தோசங்கன்னா. காதுல கைய வெச்சு அமுக்கிட்டே சொன்னா.

அதே ஆடியிலதான் அவளுக்கும் ஆரம்பிச்சுது. காத்து மாறற நேரம் பாருங்க, வயசானவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு வந்துரும்.

ஏனுங்க, காதுக்குள்ள யாரோ பேசறாங்கன்னா. நானும் மொதல்ல பெருசா எடுத்துக்கல. மெஷினக் கழட்டித் தொடச்சு மாட்டுன்னேன். ரெண்டு நாளு கழிச்சு மறுக்காச் சொன்னா. மொணமொணன்னு யாரோ பேசறாங்க, ஆனா ஒரு வார்த்தையும் புரியலைன்னு. மெஷினக் கடையில குடுத்துப் பாத்தேன். சிக்னல்ல வேல பாத்தவன் நானு, எனக்குத் தெரியாத மெஷினா? இருந்தாலும் குடுத்தேன். கடைக்காரன் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லைன்னுட்டான். கடையில அவளும் போட்டுப் பாத்தா. இங்க கேக்கலைங்கறா. ஊட்டுக்கு வந்து நான் ரூமுக்குள்ள போயி உக்காந்தா, திரும்பக் கேக்குதுங்கறா.

அதுலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சுங்க. கோளாறு மெஷினுல இல்ல.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. பக்கத்து ஊடு சுலோச்சனா டீச்சர். அவங்க டிவிக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கி மாட்டியிருந்தாங்க. நான் இங்க பேசறதெல்லாம் அங்க வருதாம். சீரியல்ல மாமியா அழுதுட்டிருக்கறப்ப நடுவுல கரகரன்னு என்ற கொரலு. டீச்சர் காம்பவுண்டுகிட்ட நின்னு, ஏனுங்க சார் என்னங்க இதுன்னாங்க. எனக்கு மானமே போயிருச்சு. அன்னைக்கே போயிப் பாத்தேன். விசயம் ஒண்ணுமில்லீங்க. நீளமா வயரு இருந்தா அது ஏரியலாட்டம் வேல செய்யும். நாம அனுப்பறத அது புடிச்சு உள்ள குடுத்துரும். உள்ள இருக்கற ஆம்ப்ளிஃபையர் அதையும் பேச்சுன்னு நெனச்சுப் பெருசாக்கீரும். அதுக்குத்தான் நல்லது கெட்டது தெரியாதே. அதுக்கு மருந்து இந்தக் கருப்பு வளையம். ஃபெரைட் வளையம்பாங்க, பாருங்க, டப்பா நெறைய வெச்சிருக்கறேன். வயர இதுல நாலு சுத்து சுத்தி உட்டா முடிஞ்சுது, உள்ள போகாது. டீச்சர் காப்பி கலக்கறதுக்குள்ள வேலைய முடிச்சுட்டேன். அப்பறம் எங்கூட்டுக் காலிங் பெல்லு தன்னால அடிச்சுட்டு இருந்துச்சு, தெய்வானை போயிப் போயிக் கதவத் தொறந்து பாத்துட்டு வருவா, ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதுக்கும் ஒரு வளையம் மாட்டினேன். நின்னுருச்சு.

நீங்களும் வளையம் வாங்கி வெச்சுக்குங்க சார். அக்கம்பக்கத்துல கெட்ட பேரு வாங்கக் கூடாது பாருங்க.

தெய்வானைக்குத்தான் கொறையவே இல்ல. சமைச்சுட்டே இருப்பா, படக்குனு காதுல இருந்து பிடுங்கி எறிவா. கரண்டி ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். அத எடுத்து மாட்டாம அப்படியே நிப்பா. அது இல்லீன்னா அவளுக்குச் சுத்தமாக் கேக்காதுங்க. நான் ரூமுல இருந்து வந்து சாப்பாடு போடுன்னா கேக்காது. பால் பொங்கி வழிஞ்சாக் கேக்காது. பூபதி போன் பண்ணினாக் கேக்காது. நான் கத்துவேன். கத்திக் கத்தித்தான் சார் எனக்கு அவளோட பேசற பழக்கமே உட்டுப் போச்சு.

ஒரு நாளு இந்த நெலவுகிட்ட வந்து நின்னா. நான் இலங்கைக்காரங்கூடப் பேசீட்டிருக்கறேன். வாயசைக்கறா. நான் கையத் தூக்கினேன். போகல. திரும்பவும் வாயசைக்கறா. நான் திரும்பவும் கையத் தூக்கினேன். அப்படியே நெலவுலயே உக்காந்துட்டா. முடிச்சுட்டு ஹெட்போனக் கழட்டி என்னன்னு கேட்டா, நீங்க இந்த ரூமுக்குள்ள இருக்கறப்பத்தானுங்க அது வருது, இத நிறுத்துங்கங்கறா.

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. பாருங்க, நான் குடிக்கறதில்ல, சீட்டு ஆடறதில்ல. இந்த ஒரு ரூமு. ஊட்டுக்குள்ளயேதான் இருக்கறேன். இதுவும் புடிக்கலைன்னா? இந்த ரேடியோ மேல அவளுக்குப் பொறாமைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அப்பறம் காது டாக்டர். காதுக்குள்ள ஒண்ணுமில்லைன்னாரு. அவரு ஒரு நரம்பு டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தாரு. நரம்பு டாக்டரு நல்ல மனுசன், பொறுமையாக் கேட்டாரு. கொரலு என்னம்மா சொல்லுதுன்னு கேட்டாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன். என்ன சொல்லுதுன்னு தெரியலீங்க, ஆனா இவரு கொரலாட்டந்தான் இருக்குதுன்னு என்னையக் கைய நீட்டிக் காட்டறா சார்.

டாக்டரு என்னையப் பாத்தாரு. அப்பறம் மாத்திரை எழுதுனாரு. எனக்கு அவமானமா இருந்துச்சு. அத்தன வருசம் கூட வாழ்ந்தவளுக்கு மண்டைக்குள்ள கேக்கற பிசாசுக் கொரலு என்ற கொரலாம்.

மாத்திரை சாப்பிட்டா தூங்குவா. பகல்லயும் தூங்குவா. மெஷினப் போடறதே இல்ல. காது கேக்காது, கேக்கறதப் பத்திப் பேசறதும் இல்ல. ஊடு அமைதியா இருந்துச்சு. நெசமாச் சொல்றேன், அந்த ரெண்டு மூணு மாசம் எனக்கு நல்ல காலம். அன்டார்டிகாவுல இருக்கற ஒரு ஸ்டேஷனயே புடிச்சேன். அவ தங்கச்சி வந்து பாத்துட்டு, அக்காளுக்குப் புத்தி கலங்கிருச்சான்னு எங்கிட்டயே கேட்டுச்சு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. தெய்வானை கட்டல்ல உக்காந்து எங்க வாயவே பாத்துட்டிருந்தா.

தையில பூபதி வந்தான். அம்மாளப் பாத்தான். பையில துணிய எடுத்து வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான். இந்த மெஷின அவ எடுத்துட்டுப் போகல. சாமி படத்துக்கு முன்னால வெச்சுட்டுப் போயிருந்தா. நான்தான் எடுத்து இழுப்பறையில வெச்சேன்.

இப்ப அங்க நல்லா இருக்கறாளாம். அவன் புது மெஷின் வாங்கிக் குடுத்திருக்கறான். அங்க இருக்கற டாக்டரு மாத்திரைய நிறுத்திட்டாராம். இரைச்சலும் இல்ல, கொரலும் இல்லயாம். பேத்தி கூடக் கோயிலுக்குப் போறா, போன்ல பேசறா. எங்கூடப் பேசறப்ப மட்டும் ரெண்டு வார்த்த. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. அங்க நல்லா இருக்கறா, இங்கதான் நோவுன்னா, என்ற மூஞ்சியப் பாத்தாத்தான் அவளுக்கு நோவுன்னுதான அர்த்தம்? பூபதி சொல்றான், சித்திரைக்கு வரச் சொன்னா அம்மா யோசிக்கறாங்கன்னு. சொந்த ஊட்டுக்கு வர யோசிக்கறாளாம். யோசிக்கட்டும். எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. மொதல்ல இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தோணறதில்ல. சோறு வெச்சுத் திங்கறேன், ருசி தெரியறதில்ல. அஞ்சு ஒம்போதுன்னு சொன்னாக்கூட சரிங்கன்னு எழுதி வெச்சுக்கறேன்.

சரி, அத உடுங்க. வாங்கறதுக்கு முன்ன ஓட்டிப் பாக்கோணுமில்ல. இந்தப் பட்டன...

என்னங்க? இதுக்கு வளையம் மாட்டலையான்னா கேக்கறீங்க?

இல்லீங்க. இது காது மெஷின். டிவியெல்லாம் இல்ல, காதுல மாட்டறது.

வயரு இருக்குது. ஆமாங்க, இருக்குது. சின்ன வயருதான். ஒண்ணரை மொழம் இருக்கும்.

டீச்சரோட ஸ்பீக்கர் வயரு கொஞ்சம் நீளம்.

கொஞ்சம்.

இருங்க சார். செத்த இருங்க. இதுக்குப் பேட்டரி இல்ல, அந்தக் கடியாரத்துல இருக்குது, அத எடுத்துக்கறேன். நின்னாப் பரவால்லீங்க, அதப் பாத்து நான் என்னத்தப் பண்றேன். மாட்டியாச்சு. சிவப்பு லைட்டு எரியுது பாருங்க, வேல செய்யுது. நீங்க இதக் காதுல வெய்யுங்க. மாட்ட வேண்டாம், சும்மா பக்கத்துல புடிச்சாப் போதும். நான் பொட்டியப் போட்டுப் பேசறேன்.

ஹலோ, ஹலோ, டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு...

ஏனுங்க எடுத்துட்டீங்க?

வலிக்குதுங்களா?

நான் பேசறதுதானுங்களா? நான் நேராப் பேசறது இல்லீங்க, அதுக்குள்ள வேற மாதிரி... மொணமொணன்னா. வார்த்த புரியலீங்களா. கொரலு மட்டும் என்ற கொரலாட்டம்.

சரிங்க.

குடுங்க. குடுங்க சார் அத. நான் போட்டுக்கறேன். நீங்க இங்க மைக்குகிட்ட உக்காருங்க. உங்களுக்குத்தான் லைசன்ஸ் வந்திருச்சுல்ல, அதுல குடுத்த ரேடியோப் பேரு, கால்சைனச் சொல்லி, கேக்கறவங்க பதில் சொல்லுங்கன்னு கூப்புடுங்க. ஹெட்போன மாட்டிக்குங்க, யாராச்சும் பதில் சொன்னாக் கேக்கும். நான் இங்க நிக்கல, அந்தப் பக்கம் போறேன். சமையக்கட்டுல நிக்கறேன், அங்கதான் அவ நிப்பா. ம், பேசுங்க.

பேசுங்க.

...

சார்.

சார், போதுங்க.

சார், இங்க நெலவுகிட்டத்தான் வந்து நிக்கறேன், கேக்குதுங்களா? போதும். நிறுத்துங்க. காதுக்குள்ள... சார், பட்டன உடுங்க. நிறுத்துங்க சார்.

யாரோ பதில் சொல்லீட்டாங்களாட்டம் இருக்குது. மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்குது உங்களுக்கு. மொதத் தடவ பாருங்க, அப்படித்தான் இருக்கும்.

கையத் தூக்கறீங்களா.

சரிங்க. நான் சொல்லிக் குடுத்ததுதான. முடிச்சுட்டே வாங்க. நான் இதக் கழட்டல. இந்த நெலவுலயே உக்காந்திருக்கறேன்.